உன் நாடகத்தில் விட்டுப்போன காலை

கண்ணு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் "சரி, பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன். அப்பாவுக்குப் போனில் பேச வராது என்று நீ நினைத்திருப்பாய். அது நிஜம்தான். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே மூன்று நாளாக மழை. கீழ் கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை, கரண்டும் போய்விட்டது. மத்தியானத்தில் கொஞ்ச நேரம் பனி விலகுகிறது; அந்த வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுபது தாண்டிய கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஆனால் கடைசிவரை படித்துவிடு. நடுவில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே.

உன் படக் கம்பெனியிலிருந்து நித்யா என்கிற உதவி இயக்குநர் வந்தார் அல்லவா, நல்ல பெண்மணி. தேயிலை எஸ்டேட்டையும் தொழிலாளர்களின் லைன் வீடுகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வந்தார். நான் மேஸ்திரியாக இருந்தபோது காலையில் வேலையாட்களை நிறுத்தி மஸ்டரில் எப்படிப் பேர் கூப்பிடுவேன் என்று கேட்டார். "அந்த இழுப்பு மட்டும் வேணுங்கய்யா, நடிகருக்குப் போட்டுக் காட்டணும்" என்று செல்போனை நீட்டினார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டேன். நோட்டு இல்லாமலே பேர்கள் வரிசையாக வந்தன. ருக்குமணி, காளியம்மா, சரோசா, மயிலாத்தா. உன் அம்மா பேருக்கு அப்புறம் யார் என்று எனக்குத் தெரியும். கூப்பிட முடியவில்லை. நித்யா போனைக் கீழே இறக்கிவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுத்தான் நீ போன் செய்தாய். "அப்பா, அம்மா பேர் வந்ததும் நின்னுட்டீங்க. டைரக்டர் அழுதுட்டாருப்பா. அதை அப்படியே படத்துல வெச்சுக்கலாமான்னு கேக்கறாரு" என்றாய். செத்துப்போன பெண்டாட்டியை நினைத்துத் துக்கத்தில் நின்றுவிட்டேன் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துவிட்டீர்கள். நான் நின்றது வேறு காரணத்துக்காக. அதைச் சொல்ல வேண்டுமானால் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உன்னைப் பேட்டி எடுப்பவர்கள் எல்லோரும் முதலில் மேடை ஏறியது எப்போது என்று கேட்கிறார்கள். நீ பள்ளி ஆண்டு விழாவைச் சொல்கிறாய். எனக்குத் தெரிந்து உன் முதல் மேடை லைன் வீட்டுத் தண்ணிக் குழாயடி. உனக்குப் பன்னிரண்டு வயது. தம்பி பாப்பா வயிற்றிலேயே போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குடம் வைத்து நின்ற பெண்களுக்கு நீ ஒவ்வொருவராக நடித்துக் காட்டினாய். ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மாத்திரை எண்ணுவது, மேனேஜர் துரை கைத்தடியைச் சுழற்றுவது. கடைசியில் என்னை எடுத்தாய். என் குரல், என் நிற்கிற விதம், நோட்டைப் பிடிக்கிற விதம். "மயிலாத்தா" என்று கூப்பிட்டாய். உடனே தள்ளி நின்று உன் அம்மா குரலில் "இருக்கேனுங்க" என்றாய். பெண்கள் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். நான் பின்னாலிருந்து வந்து உன்னை அறைந்தேன். குடத்தோடு விழுந்தாய். உதடு கிழிந்தது. இன்றைக்கும் உன் முகத்தைத் திரையில் கிட்டத்தில் காட்டும்போது மேல் உதட்டில் அந்தக் கோடு தெரிகிறது. அப்பாவுக்கு மரியாதை போய்விட்டதென்று கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

அதற்கப்புறம் உன் ஒவ்வொரு படிக்கும் நான் குறுக்கே நின்றேன். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும்போது நாடகக் குழுவில் சேர்ந்தாய். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு முன்னால் உங்கள் குழு தெரு நாடகம் போட்டது. நான் எஸ்டேட் லாரியில் அந்த வழியாகத்தான் போனேன். கூட்டத்துக்கு நடுவில் கறுப்புச் சட்டையில் நீ கையைத் தூக்கி நின்றாய். டிரைவர் நிறுத்தட்டுமா என்றான். வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். நீ பார்த்தாயா என்று இதுவரை கேட்டதில்லை. படிப்பை விட்டுவிட்டு மெட்ராஸ் போகிறேன் என்றபோது, போனால் இந்த வாசலுக்கு வராதே என்றேன். நீ மூன்று வருஷம் வரவில்லை. அந்த மூன்று வருஷத்தில் உனக்கு ராணி வேஷம் கிடைத்து, நாடகத்தைப் பற்றிப் பேப்பரில் படம் வந்தது. உன் அம்மா அதை வெட்டி பீரோக் கதவின் உள்பக்கத்தில் சோறு வைத்து ஒட்டினாள். நான் சட்டை எடுக்கத் திறக்கும்போதெல்லாம் நீ கிரீடத்தோடு என்னைப் பார்த்தாய். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கிழிக்கவும் இல்லை.

முதல் சினிமாவில் உனக்கு ஒரே ஒரு காட்சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண்ணுக்குச் சேதி சொல்லும் நர்ஸ். குன்னூர் தியேட்டருக்கு லைனே கிளம்பிப் போனது. உன் முகம் வந்ததும் காளியம்மா எழுந்து நின்றுவிட்டாளாம், பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்களாம். நான் தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டேன். அப்புறம் பெரிய பாத்திரங்கள் வந்தன. உன்னை ரோட்டில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். நீ மேஸ்திரி மகள் என்பது போய், நான் நடிகையின் அப்பா ஆனேன். இத்தனைக்கும் நடுவில் நீ நாடகத்தை விடவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், கையில் படங்கள் இருக்கும்போதே, தனியாளாக ஒரு நாடகம் போட்டாய். 'மஸ்டர்' என்று பேர் வைத்தாய். உன் அம்மாவின் கதை. இப்போது நீங்கள் படமாக எடுப்பதும் அதைத்தான்.

அதைக் குன்னூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டபோது, நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். முன்வரிசையில் இடம் வைத்திருந்தாய். நான் பிடிவாதமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் ஒரு கொழுந்துக் கூடை, ஒரு கம்பளி, வேறொன்றும் இல்லை. ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி இடுப்பு வலியோடு காலையில் எழுகிறாள். புருஷன் புதிதாக மேஸ்திரி ஆனவன். அவனுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று அவனிடம் சொல்லாமல் மறைக்கிறாள். அவன் ஒன்றும் அறியாமல் மஸ்டரில் அவள் பேரைக் கூப்பிடுகிறான். அவள் வலியை விழுங்கிக்கொண்டு, சிரித்து, "இருக்கேனுங்க" என்கிறாள். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக எழுதினார்கள். மத்தியானம் சரிவில் அவள் விழுகிறாள். குழந்தை போகிறது. கடைசியில் நீயே அந்தப் புருஷனாக மாறி, "எனக்குத் தெரியாதே மயிலா, எனக்குத் தெரியாதே" என்று தரையில் உட்கார்ந்து அழுதாய். அரங்கமே அழுதது. விளக்குப் போட்டதும் என்னை அடையாளம் தெரிந்த இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் டெல்லியில் பெரிய விருது. அம்மா இறந்து நாலாவது மாதம். டிவியில் பார்த்தேன். அம்மாவின் நீலப் புடவையைக் கட்டியிருந்தாய். மைக்கில் நீ சொன்னது எனக்கு மனப்பாடம்: "என் அப்பா ஒரு நல்ல மனுஷன். தனக்குத் தெரியாம நடந்த ஒரு விஷயத்துக்காக வாழ்நாள் முழுக்க வருத்தப்பட்டவர். யாரையும் சீக்கிரம் குத்தம் சொல்லக் கூடாதுன்னு அவர்கிட்டத்தான் கத்துக்கிட்டேன்." பக்கத்து வீட்டுச் செல்வியும் அவள் புருஷனும் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் எழுந்து போய் டிவியை அணைத்தேன். சந்தோஷத்தில் தாங்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர்கள் மெதுவாகக் கிளம்பிப் போனார்கள்.

எனக்குத் தெரியும், கண்ணு. அன்றைக்கு எனக்குத் தெரியும்.

விடியவில்லை. நீ கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் அம்மா அடுப்பு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஸ்வெட்டர் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஏனுங்க, இன்னிக்கு நான் வரலீங்க. இடுப்பு உட்டு உட்டு வலிக்குது. நேத்துச் சாயங்காலம் கொஞ்சம் ரத்தம் பட்டுச்சுங்க."

ரத்தம் என்று சொன்னாள். நான் கேட்டேன். எனக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. அன்றைக்குப் புது மேனேஜர் முதல் தடவையாக மஸ்டருக்கு வருகிறார். நான் மேஸ்திரியாகி நாலு மாசம். லைனிலிருந்து மேஸ்திரி ஆனவன் நம் ஆட்களில் நான்தான் முதல். சொந்தக்காரர்களுக்குச் சலுகை கொடுக்கிறேனா என்று நாற்பது கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. கொழுந்து முற்றிப்போகிற நேரம் வேறு. முந்தின நாள்தான் காளியம்மா காய்ச்சல் என்று லீவு கேட்டு, நான் இல்லை என்று அனுப்பியிருந்தேன்.

"இன்னிக்கு துரை வர்றாரு மயிலா. நேத்துக் காளியம்மாளுக்கு லீவு இல்லைன்னு சொல்லிப் போட்டேன். இன்னிக்கு என்ற ஊட்டுக்காரியே வரலைன்னா என்ற பேச்ச யாரு கேப்பாங்க? மஸ்டருக்கு வந்து நில்லு, போதும். பத்து மணி எடை முடிஞ்சதும் நானே அனுப்பீடறேன்."

அவள் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். உன் கம்பளியை இழுத்து மூடிவிட்டாள். செடி கிழிக்காமல் இருக்கக் கட்டுகிற சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கத்தைவிட இறக்கிக் கட்டியிருந்ததைப் பார்த்தேன்.

மஸ்டரில் பேர் கூப்பிட்டேன். இங்கேதான் உன் நாடகம் தப்பு. நீ எத்தனை மேடையில் எத்தனை ஊரில் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாயோ, எனக்குத் தெரியாது. ஆனால் உன் அம்மா அதைச் சிரித்துச் சொல்லவில்லை. நான் "மயிலாத்தா" என்றதும் அவள் உடனே பதில் சொல்லவில்லை. நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்க்கும்வரை பேசாமல் இருந்தாள். நான் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "இருக்கேனுங்க" என்றாள். இரண்டாம் தடவையாக என்னிடம் கேட்டாள். அவ்வளவுதான் அது. நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன். நித்யாவுக்காகக் கூப்பிட்டபோது என்னால் முடியாமல் போனது அந்த அடுத்த பேர்தான்.

பத்து மணிக்கு எடை போட வந்தாள். கூடையை இறக்கிவிட்டு, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல், "போகட்டுங்களா?" என்றாள். மேலே ரோட்டில் துரையின் ஜீப் நின்றது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "மத்தியான எடை முடியட்டும்" என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து காளியம்மா கத்துகிற சத்தம் கேட்டது. நாலு பெண்கள் அவளைக் கம்பளியில் வைத்து ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். நான் யாருக்காகப் பயந்தேனோ, அந்தத் துரையின் ஜீப்பில்தான் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர் டிரைவரை வேகமாகப் போகச் சொன்னார். வழியெல்லாம் என்னிடம், "ஏம்ப்பா, இந்த மாதிரி நேரத்துல லீவு போட்டிருக்கலாமே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பையன். காலையிலேயே கொண்டு வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்கப்புறம் உன் அம்மாவுக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை.

இரண்டாம் நாள் லைன் பெண்கள் பார்க்க வந்தார்கள். நீ பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாய். காளியம்மா நேராகவே கேட்டாள், "ஏன் மயிலா, ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" உன் அம்மா அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவருக்குத் தெரியாதுங்க்கா. நான் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா உட்டிருப்பாரா?" நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்கு நினைவிருக்கும், நாடகத்திலும் வைத்திருக்கிறாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். பெண்கள் போனபிறகு திறந்திருக்கலாம். உனக்கு இருபது வயதானபோது, முப்பதானபோது திறந்திருக்கலாம். உன் கை என் கைக்குள் இருந்தது. நான் சும்மா நின்றேன்.

குழாயடியில் உன்னை ஏன் அறைந்தேன் என்று இப்போது புரியும். நீ நடித்த "இருக்கேனுங்க" பன்னிரண்டு வயதுப் பிள்ளை விளையாட்டாகச் சொன்னது. ஆனால் நீ யாரைப் பார்த்தாலும் அவர்களுக்குள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிடுகிறாய் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பழகினால் என்னையும் எடுத்துவிடுவாய் என்று பயந்தேன். குடும்ப மானம், பெண்பிள்ளைக்கு ஆகாத தொழில் என்று நான் பேசியதெல்லாம் அந்தப் பயத்துக்குப் போட்ட சட்டை. உன் தொழில்மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

குன்னூர் நாடகம் முடிந்து நாங்கள் சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம். பனி இறங்கி, டிரைவர் லைட்டைப் போட்டு ஊர்ந்துகொண்டிருந்தார். உன் அம்மா வெகுநேரம் ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் சொன்னாள்.

"புள்ள நல்லாத்தான் நடிச்சா. உங்கள நல்லவராக்கிப் போட்டா."

"நீ சொல்லிக் குடுத்ததுதானே."

"ஆமாங்க. தம்பிதான் இல்லைன்னு ஆயிப்போச்சு. அப்பனும் இல்லாம அவ எப்படி வளருவா?"

"அப்ப, உனக்கு?"

அவள் மறுபடி ஜன்னலைத் துடைத்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்தக் காலையைப் பற்றி நாங்கள் பேசியது அந்த நாலு வரிதான். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. சண்டை போட்டதில்லை, சோறு போடாமல் இருந்ததில்லை. ஆனால் அதற்கப்புறம் உடம்புக்கு என்ன வந்தாலும் அவள் என்னிடம் சொன்னதில்லை. கடைசி வியாதியையும் செல்வியிடம்தான் சொன்னாள். செல்வி வந்து எனக்குச் சொல்லும்போது நாள் கடந்துவிட்டது. நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளைப் பிடித்து, "அம்மா எப்பவும் இப்படித்தானேப்பா, எதையும் சொல்ல மாட்டா" என்று அழுதாய். அவள் சொல்லுகிறவளாகத்தான் இருந்தாள், கண்ணு. ஒரு நாள் மூன்று தடவை சொன்னாள்.

உன்னிடம் எதையும் சொல்ல வேண்டாம் என்று போகிற நேரத்தில் என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அந்த வார்த்தையையும் இன்றைக்கு மீறுகிறேன். நாடகம் மேடையோடு போய்விடும் என்று இருந்தேன். படம் நான் போனபிறகும் இருக்கும். அதில் அவள் வாயில்லாத பூச்சியாகவும் நான் ஒன்றும் அறியாத அப்பாவியாகவும் காலம் முழுக்க நிற்க வேண்டாம். எனக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க அவள் தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டாள். அந்த வாயை நீ திறந்துவிடு. முடியாது, கதையை இனி மாற்ற முடியாது என்றால், என் குரலையாவது எடுத்துவிடு. அந்தப் பதிவுக்கு நான் சம்மதிக்கவில்லை.

இன்னொன்று. படப்பிடிப்புக்கு நம் லைன் பெண்களைத்தான் கூட்டத்தில் நிறுத்தப் போவதாக நித்யா சொன்னார். இந்த மழையில், குளிரில், விடியற்காலையிலிருந்து நிற்பார்கள். வயசானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள்கூட வருவார்கள். சினிமா என்றால் வருவார்கள். யாராவது ஒருத்தி முடியவில்லை என்று சொன்னால், மெதுவாகச் சொன்னாலும், உனக்கு எவ்வளவு அவசரமாக இருந்தாலும், உடனே அனுப்பிவிடு. நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் நீ என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாய்.

மூன்றாம் தேதி யூனிட் வருகிறது என்றாய். ரோடு அதற்குள் சரியாகிவிடும். நம் வீட்டைத் தாண்டித்தான் எஸ்டேட்டுக்குப் போக வேண்டும். நான் அன்றைக்கு எங்கும் போக மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன். வண்டி நிற்காமல் போனால் ஏன் என்று கேட்க மாட்டேன். நீ வேலையை முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்ததைச் செல்வியிடம் மட்டும் சொல்லிவிடு.

அப்பா